தாத்தாவுக்குக் கால் இருக்கு!

தாத்தா வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. விழுப்புரத்தைத் தாண்டி இருக்க வேண்டும். ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை போய் இறங்கிவிட வேண்டும். வாசலில் திண்ணை, கொல்லையில் கிணறு, நடுவில் ஈஸிசேர், அதில் தாத்தா. மே மாதம் பேரப்பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு, ஜூன் முதல் வாரம் போனால் கறுத்து, இளைத்து, நாலைந்து புதுக் கெட்ட வார்த்தைகளுடன் திருப்பி எடுத்து வரலாம்.

என் பையனுக்கு வாய்த்த தாத்தா வீடு ஈப்போவில் இருக்கிறது. மலேசியா, பேராக் மாநிலம். இதுவும் விழுப்புரத்தைத் தாண்டித்தான். என்ன, நடுவில் வங்காள விரிகுடா குறுக்கிடுகிறது.

மனைவி அந்த ஊர்ப் பெண். சென்னைக்குக் காலேஜ் படிக்க வந்தவர், படிப்போடு என்னையும் சேர்த்து முடித்துவிட்டார். 'ஃபாரின் மாமனார்' என்றதும் ஆபீஸில் சிலர் சென்ட் பாட்டிலும் டிஜிட்டல் கேமராவும் கொட்டுகிறது என்று கற்பனை செய்துகொண்டார்கள். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயரானவர். எனக்கு வந்து சேர்ந்த அதிகபட்ச வெளிநாட்டுச் சீதனம், ஈப்போ வெள்ளைக் காபித்தூள் ஆறு பாக்கெட்.

பையனுக்கு மூன்றரை வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தா, பாட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் அவன் கணக்கில் வராது. பிறகு தாத்தாவுக்கு முழங்கால் வலி. அதனால் உறவு முழுக்க வீடியோ காலில்தான் வளர்ந்தது.

வீடியோ காலில் தாத்தாக்கள் எப்படித் தெரிவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பாதி நெற்றி, மேலே ஒரு மின்விசிறி. பத்து நிமிஷப் பேச்சில் 'தெரியுதா?' நாலு நிமிஷம், 'கேக்குதா?' மூன்று நிமிஷம். மிச்ச மூன்று நிமிஷத்தில் பையன் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டும்.

அதற்கும் நேரம் இடிக்கும். மலேசியாவில் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. (1981 வரை வித்தியாசம் இரண்டு மணிதான். சாபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் முள்ளை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.) நான் ஆபீஸ் முடித்து, டிராஃபிக்கில் நீந்தி ஏழரைக்கு வீடு வந்தால் ஈப்போவில் மணி பத்து. தாத்தா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற ஜாதி. ஆக ஞாயிற்றுக்கிழமைத் தாத்தா.

"இவன் அவரை டி.வி. புரோகிராம்னு நினைச்சிட்டிருக்கான்" என்றார் மனைவி. "கூட்டிட்டுப் போகணும்."

போக வேண்டும் என்றால் முதலில் லீவு வேண்டும். பத்து நாள் கேட்டேன். மேலதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மாமனாருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார், நல்லா இருக்கார்."

"அப்புறம் எதுக்கு லீவு?"

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நம் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் சுவரில் எழுதாமல் எழுதியிருக்கிற கேள்வி. தாத்தா ஐ.சி.யூ.வில் என்றால் உடனே லீவு. தாத்தா போய்விட்டார் என்றால் லீவோடு ஆறுதலும் உண்டு, கேன்டீனில் காசு வாங்க மாட்டார்கள். தாத்தா நன்றாக இருக்கிறார், பேரனைத் தூக்க ஆசைப்படுகிறார் என்றால் மட்டும் அந்த விண்ணப்பத்துக்கு ஃபாரத்தில் கட்டம் கிடையாது. எப்படியோ எட்டு நாள் தேற்றி, இரண்டு பக்கமும் சனி, ஞாயிறு ஒட்டிக்கொண்டேன்.

*

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குச் சில லௌகீக விஷயங்கள்.

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். பொதுவாக ஐந்து வருஷம்தான் செல்லும். புதிதாக எடுக்க எட்டு வயதுக்குக் கீழ் என்றால் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. மலேசியாவுக்குள் நுழைய எல்லோருக்கும் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை 2026 கடைசிவரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் வருகைப் படிவம் ஒன்றைப் போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. 'பையனுக்குத் தொழில் என்னன்னு கேட்டா என்ன போடுவது?' என்று மனைவியிடம் கேட்டேன். "அப்பாவைத் தொந்தரவு செய்தல்" என்றார்.

இரண்டு வயது முடியும்வரை குழந்தை மடியில் வரலாம், டிக்கெட் சல்லிசு. முடிந்துவிட்டால் தனி ஸீட். காசு கொடுத்து வாங்கிய ஸீட்டில் என் பையன் மொத்தம் இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பான். மிச்ச நேரம் என் மடி.

விமானம் இறங்கும்போது சின்னக் குழந்தைகள் கதறுவது பயத்தால் அல்ல. காது அடைத்து வலிக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம், அதுகளுக்கு அந்த வித்தை தெரியாது. அந்த நேரத்தில் பாலோ ஜூஸோ கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சக் கொடுத்தால் காது திறந்துகொள்ளும். ஏறினவுடனே முழு டம்ளரையும் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து ஈப்போ வடக்கே 200 கிலோமீட்டர். ரயிலில் இரண்டரை மணி. குறுக்கே ஜன்னலில் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. பையன் அதைப் பார்க்கவில்லை. எதிர் ஸீட் சீனத்துப் பாட்டி தின்ற பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

ஈப்போ ரயில் நிலையம் வெள்ளை வெளேரென்று குவிமாடம் வைத்துக் கட்டியது. உள்ளூர்க்காரர்கள் 'ஈப்போ தாஜ்மகால்' என்பார்கள். வெளியே மாமனார் நின்றுகொண்டிருந்தார். வயது 74. பேரனுக்காகப் புதுச் சட்டை. கையில் ஒரு பொம்மை பஸ்.

பையன் என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். பிறகு மெதுவாக எட்டி, தாத்தாவை மேலிருந்து கீழாகப் பார்த்தான். நெற்றி சரி. மூக்கு சரி. அதற்குக் கீழே கண் போனதும் வாய் பிளந்துவிட்டது.

"அப்பா! தாத்தாவுக்குக் கால் இருக்கு!"

நாங்கள் சிரித்தோம். தாத்தாவும் சிரித்தார். அடுத்து அவன் கேட்டதுதான் யாரையும் சிரிக்க விடவில்லை. தாத்தா கையை நீட்டியதும் இவன் அழுதுகொண்டே, "போனைக் குடு, தாத்தாகிட்ட பேசணும்" என்றான்.

அவனைப் பொறுத்தவரை அவனுடைய தாத்தா போனுக்குள் இருந்தார். வெளியே நின்றவர், அவரைப் போலவே முகம் வைத்துக்கொண்டிருக்கும், கால் முளைத்த வேறு யாரோ. இந்த ஆளைப் பற்றி அந்தத் தாத்தாவிடம் புகார் சொல்ல வேண்டும்.

மாமனார் பஸ்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு "காடி அந்தப் பக்கம் நிக்குது" என்று நடந்தார். (காடி என்றால் அங்கே கார்.) அந்த நடையில் முழங்கால் வலி மட்டும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீடியோ காலைக் குறை சொல்வதற்கு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் ஒன்றரை வயதுக்குக் கீழ் எந்தத் திரையுமே வேண்டாம் என்றபோதுகூட, வீடியோ காலை மட்டும் விட்டுவைத்தது. முகம் பழக, குரல் பழக அது போதும். ஆனால் மூக்குப்பொடி வாசனையும், மடியின் மேடு பள்ளமும், கன்னத்தில் குத்துகிற தாடியும் எந்த டவரிலும் வராது.

அன்று ராத்திரி மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "பேரன் போன்லதான பேசுவேங்கிறான்? பேசுங்க. கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வாங்க" என்றார்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் விசித்திரமான நாடகம் நடந்தது. பையன் படுக்கையறையில் என் போனோடு. தாத்தா ஹாலில் அவர் போனோடு. நடுவில் ஒரு சுவர். "தாத்தா, இங்க ஒரு தாத்தா இருக்காரு." "அப்படியா? நல்லவரா?" "தெரில." சென்னையிலிருந்து விமானம் ஏறி வந்து, பக்கத்து அறைக்கு வாட்ஸப் கால்!

சாயங்காலம் தாத்தா வாசற்படிக்கு வந்து பேசினார். மூன்றாம் நாள் காலை கதவுக்கு உள்ளே நாற்காலி. மத்தியானம் கட்டில் ஓரம். இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்? 'கீ...ச்' என்று காதைப் பிளக்கும் ஒரு சத்தம். பையன் போனைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். மறுபடி போன். ஒரே சட்டை, ஒரே நெற்றி, ஒரே நேரத்தில் அசைகிற ஒரே உதடு. சத்தம் தாங்காமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு விரலை நீட்டித் தாத்தாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லய்யா" என்றார் மாமனார். நல்ல பொய்.

*

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. 'எங்கெங்கே சுற்றினீர்கள்?' என்று கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. கல்லுமலை முருகன் கோயிலுக்கு ஒரு நாள். 'பாசார் மாலாம்' என்கிற ராத்திரிச் சந்தைக்கு ஒரு நாள். புந்தோங் என்று ஒரு பகுதி இருக்கிறது, நம் ஆட்கள் நிறைந்த இடம். அங்கே 'கச்சாங் பூத்தே' என்ற பெயரில் கடலை, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் குடிசைத் தொழிலாக நடக்கிறது. தாத்தாவும் பேரனும் போய் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி வருவார்கள். அவ்வளவுதான் டூர்.

சக ஊழியர் ஒருவரின் அப்பா, அம்மா அவருடைய அண்ணனோடு சிட்னியில் இருக்கிறார்கள். இவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்பது நாளில் பதினான்கு இடம் பார்த்தார். திரும்பி வந்ததும் "தாத்தா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். குழந்தை யோசித்துவிட்டு, "கார்ல பின்னாடி உக்காந்திருந்தார்" என்றது.

எங்கள் வீட்டில் பின் ஸீட் தாத்தா இல்லை. மொழிப் பிரச்சினைதான் இருந்தது. இரண்டு பேரும் பேசியது தமிழ்தான், ஆனாலும். "பசியாறிட்டியா?" என்று பாட்டி கேட்டால், காலை டிபன் ஆச்சா என்று அர்த்தம். "இது அஞ்சு வெள்ளி" என்று தாத்தா ரிங்கிட் நோட்டைக் காட்டினால், "இன்னிக்குச் செவ்வாய்" என்று இவன் திருத்தினான். ரப்பர் மரத்துக்குப் பால்மரம் என்று பெயர். தாத்தா சின்ன வயசில் பால்மரக் காட்டுக்குப் போன கதையைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயார்: "மரத்துக்கு மடி எங்க இருக்கும்?"

நேரக் குழப்பம்கூட நல்லதாகப் போயிற்று. சென்னைக் கணக்கில் ஒன்பதரைக்குத் தூங்குகிறவன், ஈப்போவில் ராத்திரி பன்னிரண்டு வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தான். நாற்பது வருஷமாக ஒன்பதரைக்குப் படுத்த மனிதர் அவனோடு உட்கார்ந்து பொம்மை பஸ்ஸுக்கு கண்டக்டர் வேலை பார்த்தார். காலை ஏழு மணிக்கும் அங்கே சரியாக விடியாது. அந்த இருட்டில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ராத்திரி பையன் தூங்கிய பிறகு மாமனார் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ளே, எனக்குத் தாத்தா கெடையாது" என்றார்.

அவருடைய அப்பா 1936இல், பதினெட்டு வயதில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அவர் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சேர்ந்தார். 'ரெண்டு வருஷத்துல வந்துடறேன்' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவர். யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். அவர் மட்டும் போகவில்லை.

"எனக்கு ஏழு வயசு. ஊர்லேர்ந்து தபால் வந்துச்சு. எங்க தாத்தா தவறிட்டாருன்னு. காரியமெல்லாம் முடிச்சுட்டுத்தான் தபாலே போட்டிருக்காங்க. எங்கப்பா லயத்து வாசல்ல உக்காந்து அழுதாரு. எனக்கு அழுகை வரல. நான் பாத்ததே இல்லியே. எங்க லயத்துல எந்தப் பையனுக்கும் தாத்தா கெடையாது மாப்ளே. எல்லார் தாத்தாவும் ஊர்லதான்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அதான், தாத்தான்னா எப்படி இருக்கணும், என்ன செய்யணும்னு நான் யார்கிட்டயும் பாத்துக் கத்துக்கல. இப்பத்தான் பழகறேன்."

மூன்று நாள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் பேசிய மனிதர். அதைவிட நன்றாக எந்தத் தாத்தா பழகிவிடப் போகிறார்?

ரஜூலா போய், ஏர் மெயில் போய், எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்றதும் போய், இப்போது உள்ளங்கையில் முகம் தெரிகிறது. கடல் மட்டும் அதே அகலம்தான். அந்தக் காலத்தில் கப்பலுக்குக் காசில்லை, நாள் கணக்கில் பயணம், தோட்டத்தில் லீவும் இல்லை. இன்றைக்கு நாலு மணி நேரம். நமக்கு இல்லாதது லீவு மட்டும்தான்.

*

சென்னை திரும்பிய பிறகும் ஞாயிறு வீடியோ கால் தொடர்கிறது. ஒரே ஒரு மாற்றம். 'தெரியுதா, கேக்குதா' எல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் பையன், "தாத்தா, காலைக் காட்டுங்க" என்பான். அவர் போனைத் திருப்புவார். திரை முழுக்க இரண்டு வயசான பாதங்கள், ரப்பர் செருப்பு, முழங்காலில் தைலம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ தாத்தா, பாட்டி இருக்கிற இளைஞர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். போய் இறங்கின முதல் மூன்று நாள் எந்த டிக்கெட்டும் புக் பண்ணாதீர்கள். குழந்தை பக்கத்தில் போகாவிட்டால் தூக்கித் திணிக்காதீர்கள், அதுவாகப் போகும். 'தாத்தாவுக்கு முத்தம் குடு' என்று மிரட்டி வாங்கினால் அது வசூல், முத்தம் அல்ல. தாத்தா ஒரு மிட்டாய் அதிகம் கொடுத்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து காபி குடியுங்கள். உங்கள் வேலை கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு முடிந்தது.

முக்கியமாக, முழங்கால் முழுசாக ஓய்வதற்குள் போங்கள். உடம்பு சரியில்லை என்று தபால் வந்து போனால் பார்க்கக் கட்டில்தான் இருக்கும், மடி இருக்காது.

லீவு லெட்டரில் காரணம் கேட்பார்கள். தயங்காமல் எழுதுங்கள்: 'தாத்தா சௌக்கியமாக இருக்கிறார்.'

இதைவிட அவசரமான காரணம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.